பணிவு போதாது

ஆஸ்பத்திரியில் எல்லோரும் அவளை டேப்பக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆபரேஷனுக்குப் போகும் கத்தி, கத்திரி, இடுக்கி எல்லாவற்றையும் கழுவி, எண்ணி, துணியில் கட்டி, நீராவி மெஷினில் வைத்து எடுத்து அனுப்பும் அறையில் பதினோரு வருஷமாக இருக்கிறாள். கட்டின் மேல் ஒட்டிய டேப்பில் கோடு கறுத்தால்தான் உள்ளே சூடு ஏறியது என்று அர்த்தம். கோடு கறுக்காத கட்டைக் கடவுளே வந்து கேட்டாலும் கொடுக்கமாட்டாள்.

அந்த அறையின் மேற்பார்வையாளர் ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகியிருந்தது. அன்றிலிருந்து அவர் வேலையும் இவள் தலையில்தான். சம்பளம் மட்டும் பழையது. ஒருவழியாக அந்தப் பதவிக்கு இன்டர்வியூ வைத்தார்கள்.

தங்கை ஒரு கம்பெனியில் ஆள் எடுக்கும் பிரிவில் இருப்பவள். ஒரு வாரம் பாடம் எடுத்தாள். "உங்களைப் பத்திச் சொல்லுங்கன்னுதான் முதல்ல கேப்பாங்க. வீட்டுக் கதையை எடுக்காதக்கா. என்ன தெரியும், என்ன செஞ்சு காட்டின, இந்த வேலை ஏன் உனக்கு வரணும். ரெண்டே நிமிஷம்." டேப்பக்கா காய் நறுக்கும்போதும் துணி காயப்போடும்போதும் சொல்லிச் சொல்லிப் பார்த்ததில், அவள் கணவனுக்கே அது மனப்பாடமாகிவிட்டது.

இன்டர்வியூவுக்கு வந்தவர்கள் இரண்டே பேர். இன்னொருவன் மருந்துக் கிடங்கில் சேர்ந்து ஒரு வருஷமே ஆன இளைஞன். அவன்தான் முதலில் உள்ளே போனான். கதவைச் சரியாகச் சாத்தவில்லை; பேச்சு வெளியே கேட்டது.

"வாங்க தம்பி, உக்காருங்க. உங்களைப் பத்திச் சொல்லுங்க."

பத்து நிமிஷம் பேசினான். ஒருவரும் குறுக்கிடவில்லை. கருவிக் கட்டைக் கையால் தொட்டிராதவன் வாயில் 'தலைமைப் பண்பு' நாலு தடவை வந்தது.

அடுத்து இவள். உள்ளே நிர்வாக அதிகாரி, பெரிய டாக்டர், குறிப்பெடுக்கும் எழுத்தர் அம்மா. அதிகாரி தலையை நிமிர்த்தவில்லை.

"ம், உன்னைப் பத்திச் சொல்லு."

அந்த 'வாங்க, உக்காருங்க' எல்லாம் தம்பியோடு போய்விட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு தானே உட்கார்ந்தாள்.

"வணக்கம் சார். பதினோரு வருஷமா இங்க..."

"அது தெரியும். வீட்டுக்காரர் என்ன பண்றார்?"

"எலக்ட்ரீஷியன் சார். போன எட்டு மாசமா நான்தான்..."

"பிள்ளைங்க?"

"ரெண்டு."

"சின்னதுக்குக் காய்ச்சல்னா லீவைப் போட்டுட்டு ஓடிடுவ, இல்ல?" என்று சொல்லித் தானே சிரித்துக்கொண்டார்.

உள்ளங்காலில் பற்றிய சூடு உச்சந்தலைக்கு ஏறியது அவளுக்கு.

"சார், என்னைப் பத்திச் சொல்லச் சொன்னீங்க. நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல. நீங்க கேட்டதெல்லாம் என் வீட்டைப் பத்தி. இப்ப வந்துட்டுப் போன தம்பிகிட்ட, வீட்ல யாருக்குக் காய்ச்சல்னு கேட்டீங்களா?"

எழுத்தர் அம்மாவின் பேனா நின்றது.

"இப்பச் சொல்றேன். தினமும் அறுபது கட்டு என் கையாலதான் போகுது. போன மழைக்காலத்துல மெஷின் கோளாறு. பதினெட்டுக் கட்டு, ஒண்ணுலயும் கோடு கறுக்கல. ஆபரேஷன் தியேட்டர்ல இருந்து போன் போட்டு, 'குடுக்க முடியலன்னா மூட்டையைக் கட்டு'ன்னு கத்தினாங்க. நான் குடுக்கல. ஆபரேஷன் ரெண்டு மணி நேரம் தள்ளிப்போச்சு. ஆனா அந்த நோயாளி நடந்து வீட்டுக்குப் போனார். இதுதான் சார் நான்."

பெரிய டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். "கத்தினது நான்தான்," என்றார். "இவங்க செஞ்சதுதான் சரி."

"சரி சரி, நீ போகலாம்," என்றார் அதிகாரி.

நாலாம் நாள் அறிவிப்புப் பலகையில் தம்பியின் பெயர். நேரே அதிகாரி அறைக்குப் போய்க் காரணம் கேட்டாள். அவர் இன்டர்வியூ குறிப்பைத் திருப்பிக் காட்டினார். 'தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டதில் பணிவு போதாது.'

"பணிவு பட்டா கிருமி சாகுமா சார்?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் வெளியே வந்தாள்.

தம்பி வந்த இரண்டாம் நாளே வயிற்று ஆபரேஷனுக்கான கட்டுக்குள் எலும்பு ஆபரேஷன் கருவிகள் இருந்தன. அனுப்புமுன் டேப்பக்காதான் தவறைக் கண்டுபிடித்தாள். உடனே அதிகாரியின் போன். "தம்பி பழகுற வரைக்கும் நீ கூட இருந்து பாத்துக்கோ."

"என் வேலையில ஒரு குறை இருக்காது சார். மேற்பார்வையாளர் வேலையும் நானே பாக்கணும்னா எழுத்துல குடுங்க, அதுக்கான சம்பளத்தோட."

போன் பட்டென்று வைக்கப்பட்டது. விஷயம் பெரிய டாக்டர் காதுக்குப் போனது. அந்தம்மா பார்க்காத கட்டு என் தியேட்டருக்குள் வரக்கூடாது என்று அவர் எழுதிக் கொடுத்துவிட்டார். அதற்குமேல் அதிகாரியால் தட்டிக்கழிக்க முடியவில்லை. மறுவாரம் உத்தரவு வந்தது: 'இணை மேற்பார்வையாளர்.'

"வாழ்த்துகள்க்கா!" என்றாள் தங்கை போனில்.

"எதுக்குடி வாழ்த்து? முழுசா வரவேண்டியதைப் பாதியாப் பிச்சுக் குடுத்திருக்காங்க."

உத்தரவின் நகலில் கையெழுத்துக் கேட்டார்கள். டேப்பக்கா பேனாவை வாங்கி, 'எதிர்ப்புடன் பெற்றுக்கொண்டேன்' என்று கொட்டை எழுத்தில் எழுதி, அதன் கீழே கையெழுத்துப் போட்டாள்.