பொருத்தனைப் பிள்ளை

நான் பிறப்பதற்கு முன்பே என் வேலை முடிவாகிவிட்டது. பிரேசர் டவுனில் எங்கள் சபையில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஓஸ்வால்ட், டோரீன் வீட்டு ஜாய்சன் ஊழியத்துக்கென்று பொருத்தனை பண்ணி ஆண்டவருக்குக் கொடுத்த பிள்ளை. மற்ற பையன்கள் ஆராதனை முடிந்ததும் கிரிக்கெட் மட்டையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். நான் ஓடினால் மட்டும், "பாஸ்டராகப் போற பிள்ளை இப்படியா ஓடும்?" என்று ஏதாவது ஒரு ஆன்ட்டி காதைத் திருகிவிடுவார். வசனம் ஒப்பிக்கும் போட்டியில் வருஷா வருஷம் எனக்குத்தான் எவர்சில்வர் டம்ளர். எங்கள் வீட்டில் இன்றைக்கும் காபி அந்த டம்ளர்களில்தான்.

எனக்கு இயேசுவின் மேல் விசுவாசம் உண்டு, ஜெபம் உண்டு. அழைப்பு மட்டும் வரவே இல்லை. மைக்கைப் பார்த்தால் வெளியே போகும் கதவைத் தேடுவேன். மான்யதா டெக் பார்க் பக்கம் ஒரு கம்பெனியில் சாப்ட்வேர் டெஸ்டிங் பண்ணுகிறேன், அது எனக்குப் பிடித்திருக்கிறது. இதை மம்மியிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை. அவள் தினமும் காலையில் முழங்காலில் நின்று என் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறவள். அந்த முகத்தைப் பார்த்து யார் சொல்வது?

என் அக்கா மரியா கதை வேறு. சாப்பாட்டு மேஜையில் மம்மி எனக்கு வசனம் உருவேற்றும்போது, அவள் பக்கத்தில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருப்பாள். நான் திக்கும் இடத்தில் அவள் உதடு மட்டும் அசையும். அவளைப் பார்த்துத்தான் பாதி வசனம் சொன்னேன். அந்த டம்ளர்களில் பாதி அவளுடையது என்று வைத்துக்கொள்ளுங்கள். சபையில் முழு அங்கத்தினராகத் திடப்படுத்தல் எடுத்த வருஷம் அவள், "மம்மி, நானும் ஊழியத்துக்குப் போகணும்" என்றாள். மம்மி சிரித்துவிட்டாள். "போயேன். பாஸ்டர் மாப்பிள்ளையாவே பாத்துடறேன்."

அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இப்போதும் கோபம் வருகிறது. அக்கா அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. படித்தாள், ஒரு பள்ளிக்கூடத்தில் கன்னட டீச்சரானாள்.

இந்த வருஷம் மம்மி முடிவெடுத்துவிட்டாள். இறையியல் கல்லூரிக்கு நான் போயே ஆக வேண்டும். அதற்கு முதலில் சபைக் கமிட்டி கூப்பிட்டுப் பேசும். அவர்கள் சரி என்றால் வேலையை விட வேண்டும், பெட்டி கட்ட வேண்டும். கமிட்டி கூடுவது சனிக்கிழமை சாயங்காலம் என்று பாஸ்டர் கிளெமென்ட் போன் பண்ணியதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மம்மி அதை உபவாசம் என்று நினைத்துக்கொண்டு பக்கத்து வீட்டிலெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அக்காவை ஹென்னூரில் கொண்டுபோய் விடுவது என் வேலை. அங்கே பெரிய அபார்ட்மென்ட் எழும்பிக்கொண்டிருந்தது. அதன் பின்னால் தகர ஷெட்டுகளில் கட்டட வேலைக்கு வந்த ராய்ச்சூர்ப் பக்கத்து ஜனங்கள் இருந்தார்கள். அக்கா அவர்களுடைய பிள்ளைகளுக்குக் கன்னட எழுத்துச் சொல்லிக் கொடுக்கத்தான் முதலில் போனாள். அம்மாக்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். "எங்களுக்கும் ஏதாவது சொல்லக்கா" என்றார்கள். அவர்கள் கேட்டுத்தான் பைபிள் கதை சொன்னாள். நோட்டீஸ் கிடையாது, ஸ்பீக்கர் கிடையாது. கவிழ்த்துப் போட்ட பெயின்ட் டப்பாவில் உட்கார்ந்து ஒரு கதை சொல்வாள், அவ்வளவுதான்.

"காலம் சரியில்லம்மா. மதம் மாத்தறோம்னு யாராவது சொல்லப் போறாங்க" என்று டாடி பயந்தார்.

"கேக்கறவங்களுக்குத்தானே டாடி சொல்றேன்" என்றாள் அக்கா. அந்த விஷயம் அதோடு முடிந்தது.

நான் ஏ.சி. போட்டுக்கொண்டு காரிலேயே இருப்பேன். ஒரு நாள் ஜன்னலை இறக்கியிருந்தேன். காணாமல் போன ஆட்டைத் தேடிப் போகும் மேய்ப்பனின் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். கூட்டத்தில் எல்லம்மா என்று ஒருத்தி. ஊரில் குறும்பாடு மேய்த்தவள், மழை பொய்த்து இங்கே செங்கல் சுமக்க வந்தவள். அவள் கையை நீட்டி நிறுத்தினாள்.

"இருங்கக்கா. ஒரே ஒரு ஆட்டுக்காக மந்தையை விட்டுட்டா போனான்? எங்க முதலாளி போனது போகட்டும்னுடுவான். அப்புறம் எங்க கூலியில பிடிப்பான். யாருக்கா அந்த ஆளு?"

இந்தக் கதையை ஒப்பித்து நான் டம்ளர் வாங்கியிருக்கிறேன். யார் அந்த ஆள் என்று எனக்குக் கேட்கத் தோன்றியதில்லை. அக்கா பெயின்ட் டப்பாவை அவள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள்.

"அவர் பேரு இயேசு. நான் தொலைஞ்சு போனப்ப என்னைத் தேடி வந்தவரு. அதனாலதான் எல்லம்மா எனக்குத் தெரியும்."

எனக்கு ஏ.சி.யிலும் முகம் சுட்டது. என்னோடு ஒரே வீட்டில் வளர்ந்தவள் எப்போது தொலைந்தாள், எப்போது கண்டுபிடிக்கப்பட்டாள், ஒன்றும் எனக்குத் தெரியாது.

அடுத்த வாரம் போனபோது அந்த இடம் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தது. அக்கா உட்காரச் சாக்கு மடித்துப் போட்டிருந்தது. புதிதாக வந்த ஒரு பெண்ணுக்கு எல்லம்மா அதே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் கதையில் நல்ல மழை, ஓநாய், கிழிந்துபோன கம்பளி எல்லாம் சேர்ந்திருந்தன. கடைசியில் மட்டும் ஒன்றும் மாறவில்லை. "போய்த் தூக்கிட்டு வந்துட்டான்" என்று தன் தோளைத் தட்டிக் காட்டினாள். அக்கா திருத்தவில்லை. கேட்டுக்கொண்டே நின்றாள், கண் நிறைய.

சனிக்கிழமை வந்தது. கமிட்டி அறையில் மேஜைக்கு அந்தப் பக்கம் பாஸ்டரும் மற்றவர்களும், இந்தப் பக்கம் நான். மம்மியும் டாடியும் வெளியே வராந்தாவில். மம்மி கல்யாணத்துக்குப் போகிற மாதிரி பட்டுப் புடவை கட்டி வந்திருந்தாள்.

பாஸ்டர் வசனம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பிழைத்திருப்பேன்.

"தம்பி, சமீபத்துல நீங்க யாருக்கு இயேசுவைப் பத்திச் சொன்னீங்க? ஒருத்தரைப் பத்தி மட்டும் சொல்லுங்க, போதும்."

என் வாய் தானாகத் திறந்தது. ஹென்னூர் ஷெட்டைச் சொன்னேன். எல்லம்மா கேட்ட கேள்வியைச் சொன்னேன். சாக்கு, ஓநாய், கம்பளி, தோளைத் தட்டியது, ஒன்றையும் விடவில்லை. மைக் இல்லாததாலோ என்னவோ, கதவைத் தேடவே இல்லை. கமிட்டியில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ரொம்பச் சந்தோஷம்" என்றார் பாஸ்டர். "எவ்வளவு நாளா இந்த ஊழியம் பண்றீங்க?"

தலையாட்டியிருந்தால் போதும், நான் பாஸ்டர். மம்மியின் ஜெபமும் நிறைவேறியிருக்கும்.

"நான் இல்ல பாஸ்டர். எங்க அக்கா. நான் கார்ல இருந்தேன்."

நான் நிறுத்தவில்லை. "எனக்கு அழைப்பு இல்ல பாஸ்டர். அவளுக்கு இருக்கு. சின்னதிலிருந்தே இருக்கு. அந்த மாதிரி ஒருத்தி நம்ம சபையில இருக்கறது நமக்குப் பெருமை. ஆனா அவளை யாரும் கேட்டதில்ல."

கதவு திறந்தே இருந்தது. மம்மி உள்ளே வந்துவிட்டாள்.

"என்னடா பேசற? பாஸ்டர், இவன் பயத்துல உளர்றான். நான் பொருத்தனை பண்ணின பிள்ளை இவன். ஆண்டவர்கிட்ட குடுத்த வார்த்தை!"

"என்னன்னு வார்த்தை குடுத்தீங்க சிஸ்டர்?" என்றார் பாஸ்டர், மெதுவாக.

மம்மி வாயைத் திறந்தாள். ஆனால் பின்னாலிருந்து டாடியின் குரல்தான் வந்தது. எங்கள் வீட்டில் மம்மி பேசும்போது டாடி குறுக்கே பேசி நான் கேட்டதில்லை.

"முதல் குழந்தையைத் தரேன்னு சொன்ன, டோரீன். கல்யாணமாகி ரொம்ப வருஷம் குழந்தை இல்லாம இருந்தப்போ. நானும் பக்கத்துல முழங்கால்ல இருந்தேன்."

மம்மி சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். "பொண்ணு பொறந்ததும் உங்க அம்மா சொன்னாங்க" என்றாள். "பொண்ணை யாராவது ஊழியத்துக்குக் குடுப்பாங்களா, அடுத்தது பையன், அவன்தான்னாங்க. நானும் சரின்னுட்டேன். ஆண்டவர் எனக்குக் குடுத்ததை வாங்கிக்கிட்டு, அவருக்குக் குடுத்ததை மாத்திட்டேன்." அவள் அழுதாள். எனக்கு அவள் மேல் இருந்த கோபமெல்லாம் அங்கேயே கரைந்துபோனது.

வீட்டுக்குப் போனோம். அக்கா பள்ளிக்கூடத்துப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். மம்மி பட்டுப் புடவையோடு அவள் எதிரில் நின்றாள்.

"மரியா, நீ ஊழியத்துக்குப் போறியாம்மா?"

அக்கா என்னைப் பார்த்தாள், டாடியைப் பார்த்தாள், பேனாவை மூடி வைத்தாள்.

"நான் போக ஆரம்பிச்சு ரொம்ப நாளாச்சு மம்மி. படிப்புதான் பாக்கி."

கமிட்டி அவளைக் கூப்பிட்டுப் பேசியது. எங்கள் சபையிலிருந்து ஒரு பெண் இறையியல் படிக்கப் போவது இதுதான் முதல் தடவை என்பதால் நிறையக் கேள்வி கேட்டார்கள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு வந்து, பசிக்கிறது என்று மூன்று தோசை தின்றாள்.

அவளை வழியனுப்பும் ஞாயிறு கோயில் நிறைந்திருந்தது. ஹென்னூரிலிருந்து எல்லம்மாவும் அவள் கூட்டமும் என் காரில் நெருக்கியடித்து வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். பாஸ்டர் பீடத்தில் நின்று, "ஓஸ்வால்ட், டோரீன் குடும்பத்தார் ஆண்டவருக்குக் கொடுத்த பிள்ளை முன்னால வரலாம்" என்றார். பழக்க தோஷம், கோயிலில் பாதித் தலை என்னைத்தான் பார்த்தது. நானும் எழுந்தேன். அக்கா வரிசையிலிருந்து வெளியே வர வழிவிட்டு நின்றேன்.

இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். அக்கா தமிழில் ஆரம்பித்தாள். கடைசி வரிசையைப் பார்த்ததும் நிறுத்திவிட்டு, அதையே கன்னடத்தில் சொன்னாள். அப்புறம் ஒவ்வொரு வாக்கியமும் இரண்டு தடவை வந்தது. எங்கள் பீடத்தில் கன்னடம் கேட்டதே இல்லை. என் அக்கா, என் அக்கா என்று எழுந்து கத்த வேண்டும் போல இருந்தது.

அந்த நேரம் பார்த்து மம்மி முன் வரிசையிலிருந்து எழுந்து பின்னால் நடந்தாள். என்ன ஆயிற்றோ என்று நானும் பின்னாலேயே போனேன். அவள் கடைசி வரிசைக்குப் போய், எல்லம்மாவைக் கொஞ்சம் நகரச் சொல்லி, அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். எல்லம்மா பீடத்தைக் காட்டி ஏதோ கேட்டாள்.

ஆராதனையில் யாராவது குசுகுசுத்தாலே முறைக்கிற மம்மி, தன் மார்க்கெட் கன்னடத்தில் உரக்கச் சொன்னாள். "ஹௌது, நன்ன மகளு. மொதல்னே மகு."

திரும்பிப் பார்த்த நம்ம ஆட்களுக்காக அதையே தமிழிலும் சொன்னாள்.

"என் முதல் குழந்தை."