பாலாஜியின் கடைசிப் பாடம்

1

இந்தக் கதை ஒரு தாளிலிருந்து வந்தது. திருவண்ணாமலையை ஒட்டிய வேங்கிக்காலில் கோதண்டராமன் வீட்டு அலமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருந்தது. அவர் அரசு அலுவலக எழுத்தர். தாளில், தங்கை மகன் பாலாஜி பி.காமில் எழுத வேண்டிய பாடங்கள், எழுதியவை, நிலுவை, குறிப்பு என்று நான்கு கட்டம். பாஸானால் பச்சை மையில் டிக். (பச்சை மையில் கையெழுத்துப் போடும் பதவி அவருக்குக் கடைசிவரை வரவில்லை. ஆசையை இங்கே தீர்த்துக்கொண்டார்.) மை அதிகம் செலவாகவில்லை.

2

அன்று திருவண்ணாமலையில் மழை பிடித்துக்கொண்டபோது எழில்

(வேண்டாம். மழையை வைத்துத் தொடங்குவது சோம்பேறித்தனம்.)

எழில் கோதண்டராமனின் மகள். பாலாஜி டிகிரி முடித்ததும் அவனுக்கும் அவளுக்கும் கல்யாணம் என்று 1998-இல் பெரியவர்கள் பேசி வைத்தார்கள். இருவரும் கல்லூரியில் சேர்ந்தது அதே வருடம்தான். மூன்றாண்டில் அவள் பி.எஸ்ஸி. கணிதம் முடித்தாள், அவனுக்கு ஏழு அரியர். கல்யாணம் தள்ளிப்போயிற்று. வீட்டில் சும்மா இருப்பானேன் என்று அவளை எம்.எஸ்ஸி.யில் சேர்த்தார்கள். அவன் தோற்கத் தோற்க அவள் படித்தாள். அந்தத் தாளில் மகளுக்கு ஒரு கட்டம்கூட இல்லை. எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

3

2002 நவம்பரில் ஒரே ஒரு பாடம் பாக்கி: புள்ளியியல். பாஸானால் தையில் முகூர்த்தம். எழிலுக்கோ ஏப்ரல்வரை கடைசி செமஸ்டர் இருந்தது.

"கல்யாணத்துக்கப்புறம் இன்னா காலேஜு? கீழ்பென்னாத்தூர்லருந்து தினம் பஸ் புடிச்சிப் போவியா? படிச்சதே ஜாஸ்தி" என்று சொல்லிவிட்டாள் பாலாஜியின் அம்மா மணியம்மாள்.

(ஒரு வரைவில் பாலாஜி எழிலுக்காகவே வேண்டுமென்று தோற்றான். அடித்துவிட்டேன். அவன் அவ்வளவு நல்லவனில்லை. பரீட்சைக்குப் பரீட்சை மலையைச் சுற்றிப் பதினான்கு கிலோமீட்டர் நடப்பான். பதினான்கு பக்கம் படிக்கமாட்டான்.)

4

பரீட்சைக்கு முந்தைய நாள் மாலை பாலாஜி நோட்டோடு வந்தான்.

"எழிலு, நீதான் கணக்குல புலியாச்சே. சொல்லிக்குடும்மா" என்றார் கோதண்டராமன்.

திட்ட விலக்கக் கணக்கு ஒன்று கட்டாயம் வரும், பத்து மதிப்பெண். பாலாஜி தேறுவது அதை நம்பித்தான். பாலாஜி நாக்கைக் கடித்துக்கொண்டு போட்டான். கூட்டல் சரி, வகுத்தல் சரி. கடைசியில் வர்க்கமூலம் எடுக்காமல் விடைக்கு அடியில் இரண்டு கோடு போட்டுவிட்டான்.

"கரெக்டா பாரு."

எழிலுக்குத் தவறு உடனே தெரிந்தது. கரெக்ட் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாளைக்கும் இப்படியேதான் போடுவான். அவளுக்கு ஏப்ரல் கிடைத்துவிடும். அலமாரிப் பக்கம் அப்பா பச்சைப் பேனாவை உதறிக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, தேறுவானா?"

அவள் பென்சிலை எடுத்தாள். எடுத்து, அந்த விடைக்குப் பக்கத்தில்

5

இதற்கு மேல் என்னால் முடியவில்லை. இரண்டு முடிவு எழுதிப் பார்த்தேன். ஒன்றில் தவறைத் திருத்துகிறாள். தையில் மாலையும் கழுத்துமாக நிற்கிறாள், பாலாஜி பி.காம். என்று பத்திரிகை அச்சாகிறது, அவள் பெயருக்குப் பின்னால் பி.எஸ்ஸி.கூட இல்லை. இன்னொன்றில் கரெக்ட் என்கிறாள், எம்.எஸ்ஸி. முடிக்கிறாள், ஆனால் பாலாஜியின் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குக் கூசுகிறது.

நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். காலை பத்து மணிக்குப் பரீட்சை.

என்ன, திருத்தியே ஆக வேண்டும் என்கிறீர்களா? கோதண்டராமனுக்கு நீங்கள் என்ன உறவு?