ரயிலுக்கு வெளியே கழற்றிய ஷூ

வெளிநாட்டில் படித்தபோது நான் ஒரு ரயிலை மூன்று மணி நேரம் நிறுத்தி வைத்தேன். அந்த நேரம் முழுவதும் நான் முப்பது மைல் தள்ளி, ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

நான் படித்தது ரயில் பிரேக். இரண்டு வருஷப் படிப்பு. கடைசியில் ஒரு வாய்மொழித் தேர்வு. அதில் தேறாவிட்டால் ஊருக்குத் திரும்பி மாமாவின் அரிசி மில்லில் மூட்டை தைக்க வேண்டும். மாமா சும்மா சொல்கிறவர் அல்ல. கோணி ஊசிக்கு எண்ணெய் போட்டு ஆணியில் மாட்டிய பிறகுதான் தன் ஷூவை எனக்குக் கொடுத்து வழியனுப்பினார். அது எனக்கு இரண்டு சைஸ் பெரிது. ஊர்ப் பேப்பரைக் கசக்கி முன்பக்கம் திணித்துக்கொண்டு நடப்பேன்.

தேர்வு நடத்துகிறவர் பொல்லாத மனிதர். போன வருஷம் சட்டையில் ஒரு பட்டன் இல்லாதவனை ஒரு கேள்விகூடக் கேட்காமல் ஃபெயிலாக்கியவர்.

தேர்வு பக்கத்து நகரத்துக் கல்லூரியில், பதினொரு மணிக்கு. என்னோடு அறைத்தோழன் கொக்கும் வந்தான். கழுத்தைப் பார்த்து வைத்த பெயர். அன்றைக்கென்று ரயில் பெட்டிக்குள் புதுக் கம்பளம் விரித்திருந்தார்கள். அப்படி ஒரு கம்பளம் மாமா வீட்டுக் கூடத்தில்கூடக் கிடையாது. புத்தி குறுக்கிடுவதற்குள் கால் தன் வேலையை முடித்துவிட்டது. ஷூவைக் கழற்றி பிளாட்பார ஓரத்தில் ஜோடியாக வைத்துவிட்டு, வலது காலை எடுத்து வைத்து ஏறினேன். கதவு மூடிக்கொண்டது.

“டேய் மாப்ளே, ஷூ எங்கடா?” என்றான் கொக்கு.

“வெளியில கழட்டி வச்சிருக்கேன்.”

“எந்த வெளியில?”

“வாசல்லதான்.”

“வீடுன்னா வாசல் அங்கேயே கிடக்கும். இது ரயிலுடா! வாசல் நம்மகூட வருது, ஷூ வரல!”

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வழியனுப்ப வந்த சொந்தக்காரர்களைப் போல இரண்டும் நின்றுகொண்டிருந்தன.

இறங்கிய ஊரில் அன்று கடைகளுக்கு விடுமுறை. கொக்கின் ஷூவுக்குள் நான் குடும்பத்தோடு குடியிருக்கலாம். கடைசியில் கொக்கு கல்லூரிக் காவலாளியிடம் கறுப்புப் பாலிஷ் வாங்கி, என் சாக்ஸுக்கே பூசிவிட்டான். மேலே சாக்பீஸால் லேஸும் வரைந்தான்.

“முடிச்சு எப்படி விழுந்திருக்கு பார்த்தியா? வேகமா நடக்காதே, வேர்த்தா லேஸ் அழிஞ்சுரும்.”

பதினொன்று ஆயிற்று, பன்னிரண்டு ஆயிற்று. மேஜைக்கு அடியில் காலை ஒளித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு மணிக்கு மூச்சு வாங்க உள்ளே வந்த தேர்வு நடத்துகிறவர், ஒரு பையைத் திறந்து மேஜைமேல் எதையோ வைத்தார். மாமாவின் ஷூ.

“யாரோ இதை பிளாட்பாரத்துல கழட்டி வச்சுட்டுச் சாகறதுக்குத் தண்டவாளத்துல இறங்கிட்டான் தம்பி. ஸ்டேஷன் மாஸ்டர் நான் வர வேண்டிய அடுத்த ரயிலை விடல. நாங்க நாப்பது பேர் குடைக்கம்பால கல்லைக் கல்லாப் புரட்டித் தேடினோம். இன்னும் பத்துப் பேர் தேடிக்கிட்டிருக்காங்க.” ஷூவுக்குள் கைவிட்டு ஒரு காகிதத்தை எடுத்தார். “கடைசியா என்னமோ எழுதி வச்சிருக்கான். உங்க ஊர் எழுத்து மாதிரி இருக்கு. படிங்க.”

மரியாதைக்காகத் தொப்பியைக் கழற்றிக்கொண்டார். தலை பளபளவென்று கண்ணாடி போலிருந்தது.

நான் படித்து, அவர் பாஷையில் சொன்னேன்: “வழுக்கையா? வருத்தம் வேண்டாம். எங்கள் தைலத்தால் நாற்பதே நாளில் அடர்ந்த முடி.”

தொப்பியைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் எனக்காகப் பத்துப் பேர் வெயிலில் கல்லைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். எழுந்து மேஜையைச் சுற்றி வந்து, பாலிஷ் போட்ட சாக்ஸோடு அவர் முன்னால் நின்றேன்.

“அந்த ஆள் நான்தான் சார். உள்ளே புதுக் கம்பளம். ஷூவோட மிதிக்க மனசு வரல.”

அவர் வெகுநேரம் என் லேஸையே பார்த்தார். ஒன்று பாதி அழிந்திருந்தது. எனக்கு ஆணியில் தொங்கும் கோணி ஊசி தெரிந்தது. அவர் போய் ஸ்டேஷனுக்குப் போன் செய்துவிட்டு வந்தார்.

“ஒரே கேள்வி. நானூறு டன் ரயிலை நிறுத்தக் குறைஞ்சது என்ன வேணும்?”

“ஒரு ஜோடி ஷூ போதும் சார்.”

“முப்பது வருஷமா இதே கேள்வியைக் கேக்கறேன். எல்லாரும் கணக்குதான் போட்டுக் காட்டினாங்க, நீதான் நிறுத்தியே காட்டியிருக்கே,” என்று கையெழுத்துப் போட்டார். பிறகு கதவு வரை போனவர் திரும்பி, குரலைத் தாழ்த்திக் கேட்டார். “தம்பி, அந்தத் தைலம்... இப்பவும் கிடைக்குதா?”

அன்றே மாமாவுக்குத் தந்தி அடித்தேன்: ‘பாஸ். ஒரு டஜன் வழுக்கைத் தைலம் அனுப்பவும்.’

மறுநாள் பதில் வந்தது: ‘சந்தோஷம். படிப்பு அவ்வளவு கஷ்டமா?’