உதைபட்ட டீ

அப்பாவின் கால் கட்டைவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டிக்கொண்டே, போனைத் தோளில் இடுக்கியபடி ஜீவிதா கேட்டாள்.

"பெட்டி காலியா இருக்குதா, வசீம்?"

"யாருக்கு?"

"எங்கப்பாவுக்கு."

அண்ணன் பிரேம்நாத் துபாயிலிருந்து வர நாளை மதியமாகும். கத்திரி வெயில் வேறு. காஞ்சிபுரத்தில் வாடகைக்கு விடுகிற ஐஸ் பெட்டிகள் எல்லாம் வெளியே போயிருந்தன. சித்தப்பா முனிசாமி வாலாஜாபாத் வரைக்கும் கேட்டுப் பார்த்துவிட்டார். மிச்சம் ஒன்றுதான். அவளும் ஏனாத்தூர் கல்லூரியில் அவளோடு படித்த பிள்ளைகளும் சேர்ந்து வாங்கி, எந்தச் சாதி, எந்த மதத்துச் சாவு என்று பார்க்காமல் சும்மா கொடுத்துவந்த பெட்டி.

"அந்தப் பசங்க பெட்டியா? எங்கண்ணன் ஆவி அடங்காதும்மா" என்றார் சித்தப்பா.

"அடங்க வாணாம்."

பொங்கலுக்கு முன்னால் அந்தப் பிள்ளைகள் அவள் ஊரான கூரத்து ஏரிக்கரையில் கருவேல முள் வெட்ட வந்தார்கள். வேலை முடிந்ததும் மரத்தடியில் உட்கார்ந்து, ஒருவர் சாமியைப் பற்றி இன்னொருவர் கேட்பது வழக்கம். எதைக் கேட்டாலும் கோபப்படக் கூடாது என்பதுதான் விதி. திதிச் சோற்றுக்குக் காக்கா வராவிட்டால் கொக்கு வந்தால் ஆகாதா என்று அஃப்ஷீன் கேட்டு, எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தபோது அப்பா தேவேந்திரன் வந்தார். டீ கேனை உதைத்தார். ஊரே பார்க்க வசீமை அறைந்தார். வசீம் கன்னத்தைக்கூடத் தொடவில்லை, கேனை நிமிர்த்தி வைத்தான். ஜீவிதா அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. அப்புறம் அப்பாவிடம் திறக்கவே இல்லை.

பெட்டியின் பக்கவாட்டில் பெயிண்டில் பெயர்கள் இருந்தன: வசீம், அஃப்ஷீன், அபி, ஜீவிதா. அந்தப் பக்கம் தெருவைப் பார்த்திருக்க வேண்டும். உள்ளே அப்பா படுத்திருக்க வேண்டும். அன்றைக்கு வேடிக்கை பார்த்த ஊர் வந்து படிக்க வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

வசீமும் அஃப்ஷீனும் பெட்டியை இறக்கி உள்ளே வைத்தார்கள். வசீம் தோளில் கிடந்த துண்டை எடுத்துப் பெயர்களின் மேல் தொங்கவிட்டான்.

"அத எடு" என்றாள் ஜீவிதா.

"வாணாம் ஜீவி. செத்தவர வச்சு போர்டு மாட்டக் கூடாது."

"மன்னிச்சிட்டியா?"

"அவரு கேக்கல, நான் குடுக்கல. இன்னும் எரியுது. அதுக்குப் பெட்டி என்னா பண்ணும்?"

அஃப்ஷீன் பிளக்கைச் சொருகினாள். "ஒங்கப்பா அன்னிக்கு வாசப்படி மிதிக்காதன்னாரு. நடு வூட்ல நிக்கிறோம். எனக்கு இது போதும்பா."

அப்பாவின் தலைப்பக்கம் சித்தப்பா பிடித்தார், கால்பக்கம் வசீம். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. போகும்போது வசீம், ஏரியில் முள் இன்னும் பாதி நிற்கிறது, ஞாயிற்றுக்கிழமை வருவோம் என்றான்.

"இந்த தபா யாரையும் கேட்டுக்கினு வர மாட்டோம்."

வெயில் தாழ்ந்தபோது பெட்டியின் கண்ணாடியில் நீர் பூத்து அப்பாவின் முகம் மங்கியது. அம்மா பெரியநாயகி சுவரோரத்திலிருந்து எழுந்து வந்தாள். அன்றைக்கு உதைபட்ட டீ அவள் போட்டது. தொங்கிய துண்டை உருவி, கண்ணாடியை நிதானமாகத் துடைத்தாள். முகத்தைப் பார்த்தாள்.

வாசலில் யாரோ பெயர்களை எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கினார்கள்.

"அண்ணி, துண்ட மறுக்கா போடுங்க" என்றார் சித்தப்பா.

அம்மா துண்டை நாலாக மடித்தாள். மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.