முன் சீட்டின் சிவப்பு

என் அக்கா லோயிஸ் பெங்களூரில் மகன் வீட்டுக்குக் குடிபோனபோது, அத்தானுடைய காரை என் தலையில் கட்டிவிட்டுப் போனாள். பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார். அத்தான் சுவிசேஷமுத்து கட்டபெட்டுப் பக்கம் ஓர் எஸ்டேட்டில் ஹெட் கிளார்க்காக இருந்தவர். அவர் இறந்த பிறகு அந்த வண்டியைத் தொட ஆளில்லை. எனக்கு ரிட்டயர் ஆக இன்னும் கொஞ்ச நாள் இருந்தது. இந்த வயதில் டீச்சருக்கு டிரைவிங் எதற்கு என்று ஸ்டாஃப் ரூமில் ஒருத்தர் கேட்டார். அவருக்காகவே கற்றுக்கொண்டு லைசென்சும் வாங்கினேன்.

வண்டி ஓடியது. சீட்டுகள்தான் கண்றாவி. பின் சீட்டும் டிரைவர் சீட்டும் வெளுத்துப்போய், டீ வடிகட்டும் துணியைப் போல ஒரு நிறத்துக்கு வந்திருந்தன. டிரைவருக்குப் பக்கத்து சீட் மட்டும் நல்ல சிவப்பு. அதன் மேல் எப்போதும் ஒரு துருக்கித் துண்டு விரித்திருக்கும். அத்தான் காலத்திலேயே அப்படித்தான். அடியில் ஸ்பிரிங் உடைந்திருக்கிறது, குத்தும் என்று சொல்லி அதில் யாரையும் உட்கார விட மாட்டார். அக்காகூடப் பிள்ளைகளோடு பின்னால்தான் உட்காருவாள்.

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டுக்குக் கீழே வேலுமணி என்பவர் வண்டிகளுக்கு சீட் தைக்கிறார். அவரிடம் கொண்டுபோய் நிறுத்தினேன். துண்டை எடுத்துப் பார்த்துவிட்டு, "கவர் போட்டுக்கலாமுங்களே டீச்சர். ஒரே நாள்ல முடிஞ்சிரும்" என்றார்.

"கவர் வேண்டாம். வெளுத்ததுக்குக் கலர் ஏத்துங்க. இந்த முன் சீட் இருக்கு பாருங்க, அதே சிவப்பு."

அங்கேதான் வம்பு ஆரம்பித்தது. வேலுமணி முன் சீட்டையும் பின் சீட்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கம்பெனிக்காரன் ஒரு வண்டிக்கு ரெண்டு கலரா போடுவானுங்க?"

"எல்லாம் சிவப்பாத்தான் இருந்திருக்கும். வெயில்ல மத்ததெல்லாம் வெளுத்திருக்கும். இது துண்டுக்கு அடியில இருந்ததால தப்பிச்சிருக்கு."

"சிவப்பு வெளுத்தா ரோஸாகுமுங்க. இது ரோஸ் இல்லீங்களே."

பேச்சுக்குப் பேச்சு பதில் சொல்கிறவர்களை எனக்குப் பொதுவாகப் பிடிக்காது. ஆனால் அவர் சொன்னது சரி. எனக்கும் அரிப்பு எடுத்துவிட்டது. ஒரு விஷயம் புரியவில்லை என்றால் எனக்குச் சோறு இறங்காது. மதியம் வரை லீவு சொல்லிவிட்டு, கடைக்குள் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். வெளியே பனி இறங்கி எதிர்க் கடையை மறைத்துவிட்டது. வேலுமணி லைட்டைப் போட்டார்.

வெயில் படாத இடத்தில்தான் அசல் நிறம் இருக்கும் என்று சொல்லி, பின் சீட்டைத் தூக்கி மடிப்பைப் பிரித்துக் காட்டினார். உள்ளே காப்பிப் பொடி நிறம். டிரைவர் சீட்டின் அடியிலும் அதே நிறம். பிறகு முன் சீட்டைக் கழற்றித் தலைகீழாகப் போட்டார். அதன் மடிப்பிலும் காப்பிப் பொடி நிறம்தான்.

"அப்ப இந்தச் சிவப்பு?"

"யாரோ பொறவு பூசியிருக்காங்க. அதும் இந்த ஒரு சீட்டுக்கு மட்டும்." அடிப்பக்கத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு, "ஸ்பிரிங் எதும் உடையலீங்க டீச்சர். இந்த வண்டியிலயே இதுதான் புதுசாட்ட இருக்குது" என்றார்.

அத்தான் பொய் சொல்லும் ஆள் இல்லை. ஞாயிறு பள்ளியில் பத்துக் கட்டளைகளைச் சொல்லிக்கொடுத்தவர். ஸ்பிரிங் விஷயத்தில் அவருக்கு எதற்குப் பொய்?

வேலுமணி சுடுதண்ணீரில் சோப்பைக் கரைத்து, ஒரு வெள்ளைத் துணியை நனைத்து சீட்டைத் துடைத்தார். துணி சிவந்தது. அலசிவிட்டுத் திரும்பவும் துடைத்தார். திரும்பவும் சிவந்தது. எவ்வளவு துடைத்தாலும் வந்துகொண்டே இருந்தது.

"பெயின்ட்டு இப்படி வராதுங்க. இது மேலாப்புல பூசுனது. உள்ள எறங்கவே இல்ல."

இரண்டு பேரும் யோசித்தோம். பீட்ரூட் மூட்டை ஏற்றியிருப்பாரோ என்றார் வேலுமணி. கேத்தியிலிருந்து காய்கறி ஏற்ற ஹெட் கிளார்க் காரா கிடைத்தது என்றேன். யாராவது குங்குமத்தைக் கொட்டியிருப்பார்களோ என்றார். எங்க ஊட்டு வண்டியில குங்குமம் எங்கிருந்துங்க வரும் என்று கேட்டேன். என் கழுத்துச் சிலுவையைப் பார்த்துவிட்டு அவரே சிரித்தார்.

பிறகு சீட்டை லைட்டுக்கு நேராகத் திருப்பினார். "இங்க பாருங்க. நடுவுல மட்டும் பூச்சு கம்மியா இருக்குது. சுத்தி எல்லாம் கெட்டியா இருக்குதுங்க. பூசின சூட்டுல யாரோ ஒருத்தர் வந்து உக்காந்து எந்திரிச்சிருக்காங்க. பொறவு யாரும் உக்காரல."

"பூசினதில பாதி அவங்க துணியில போயிருக்கும்," என்று சொல்லிச் சிரித்தேன். ஆமாம், சிரித்தேன்.

சுடுதண்ணீர் பட்டு அந்தப் பூச்சு இளகியிருந்தது. அதிலிருந்து ஒரு வாசனை வந்தது. மெழுகும் கர்ப்பூரத் தைலமும் கலந்த மாதிரி. எனக்குத் தெரிந்த வாசனை. துணியை அவர் கையிலிருந்து வாங்கி மூக்கில் வைத்துப் பார்த்தேன். எஸ்டேட் துரையின் பங்களா. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஆபீஸ் ஸ்டாஃப் குடும்பங்களை எல்லாம் பங்களாவுக்குக் கூப்பிட்டு கேக் கொடுப்பார்கள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டுப் போக வேண்டும். சிவப்பு சிமென்ட் தரை, முகம் தெரியும் அளவுக்கு பாலிஷ். காலுறை வழுக்கும். தரையெல்லாம் இதே வாசனை அடிக்கும்.

"தரைக்குப் போடற சிவப்பு பாலிஷ்," என்றேன்.

"அதைப் போயி யாருங்க சீட்டுக்குப் பூசுவாங்க?"

யார் பூசுவார்கள் என்று எனக்குத் தெரியும். வீட்டில் எது நிறம் மங்கினாலும் பங்களா ஸ்டோரிலிருந்து எதையாவது கொண்டுவந்து பூசுவது அத்தானின் பழக்கம். ஷெட்டின் இடது பக்கம்தான் சாயங்கால வெயில் அடிக்கும். அந்த சீட்தான் முதலில் வெளுத்திருக்கும். தரை இவ்வளவு பளபளக்கிறதே, சீட்டும் பளபளக்கும் என்று நினைத்திருப்பார். பளபளத்தும் இருக்கும்.

பூசின சூட்டில் அந்த சீட்டில் யார் உட்கார்ந்தது என்பதும் எனக்குத் தெரிந்துவிட்டது.

அப்போது நான் டிரெயினிங் முடித்துவிட்டு அக்கா வீட்டில் இருந்தேன். எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு திருவிருந்து. பெண்கள் வெள்ளைச் சேலை கட்டுவோம். பெண் பார்க்க வருகிறவர்களும் அந்த ஞாயிற்றைத்தான் கேட்பார்கள். வீட்டில் பஜ்ஜி தட்டோடு பார்ப்பதைவிட, கோவிலில் பெண் எப்படி நடக்கிறாள், எப்படி முழங்கால் போடுகிறாள் என்று பார்த்துக்கொள்வது எங்கள் ஆட்களின் வழக்கம். அன்று குன்னூரிலிருந்து பவுல்ராஜ் என்பவருக்காக ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். சேலை கசங்கக் கூடாது என்று அக்கா என்னை முன் சீட்டில் உட்கார வைத்தாள். அதற்கு முன்னால் அந்த இடம் அவளுடையது.

எல்லோரும் பார்க்க நான் நடந்து போய் பீடத்துக்கு முன்னால் முழங்கால் போட்டேன். அப்பமும் திராட்சை ரசமும் வாங்கினேன். திரும்பும்போது ஆயர் வீட்டம்மா குறுக்கே வந்து, தன் கம்பளிச் சால்வையை என் இடுப்பில் சுற்றி, தோளைப் பிடித்துப் பக்கத்து வாசல் வழியாக வெளியே கூட்டிக்கொண்டு போனார். "அடுத்த தடவ நாளு பாத்துக்கிட்டு வாம்மா," என்றார். அவர் நல்லபடியாகத்தான் சொன்னார். உள்ளே பாட்டு நின்றுபோய், பிறகு தாறுமாறாகத் தொடங்கியது. குன்னூர்க்காரர்கள் வீட்டுக்கு வந்து ஒரு காப்பி குடிக்காமல் அப்படியே பஸ் ஏறிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா கதவைச் சாத்திவிட்டு, என் சேலையை உருவி, நான் பார்ப்பதற்குள் சுருட்டி, வெந்நீர் பாய்லர் அடுப்பில் போட்டு எரித்துவிட்டாள். தங்கை அந்தக் கறையைப் பார்த்து வெட்கப்படக் கூடாது என்று செய்கிறாள் என நினைத்தேன். அதற்காக அவளை நான் கையெடுத்துக் கும்பிட்டிருக்கிறேன்.

எனக்கு நாள் வர இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் இருந்தது. என் கணக்குத்தான் தப்பு, என் உடம்புதான் தப்பு என்று எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு வெள்ளை கட்டியதில்லை. திருவிருந்து ஞாயிறுகளில் தலைவலி என்று சொல்லிவிடுவேன், இல்லாவிட்டால் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து பாட்டு முடிவதற்குள் எழுந்து வந்துவிடுவேன். அதன் பிறகு யார் பெண் கேட்டு வந்தாலும் கோவிலுக்கு வந்து என்னைப் பார்க்கக் கூடாது என்றேன். என்ன பெண் இவள் என்று அவர்களும் போய்விட்டார்கள். ஐவி டீச்சருக்குத் திமிர் என்று பேர் வந்தது. அந்தப் பேர் எனக்கு வசதியாக இருந்தது.

வேலுமணியின் கடை போனிலிருந்து பெங்களூருக்குக் கூப்பிட்டேன். அக்காதான் எடுத்தாள்.

"அக்கா, அத்தான் கார் சீட்டுக்கு பங்களா பாலிஷ் பூசினாரா?"

வண்டி எப்படி ஓடுகிறது என்று கேட்டாள். நான் திரும்பவும் அதையே கேட்டேன். அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. அவள் போய் அணைத்துவிட்டு வந்தாள்.

"கோவில்லயே பாத்தேன்டி, சிவப்பு ஒரு தினுசா இருந்துச்சு. வந்து காரைப் பாத்தா முன் சீட் பூரா அதுதான். அவரு அழுதாரு ஐவி. ஆயர்கிட்ட போயிச் சொல்லிடறேன்னு சட்டையெல்லாம் மாட்டிட்டாரு. நான்தான் விடல. அந்த வாரம் ஸ்டோர்ல சாமான் கொறயுதுன்னு துரை விசாரிச்சிட்டு இருந்தாரு. ஹெட் கிளார்க்கே எடுத்தாருன்னு தெரிஞ்சா வேலையும் போயிரும், குவார்ட்டர்ஸும் போயிரும். கைக்கொழந்தைய வச்சிட்டு எங்க போறது?"

"எங்கிட்ட மட்டுமாச்சும் சொல்லியிருக்கலாமில்ல?"

"உங்கிட்ட சொன்னா நீ வாய மூடிட்டு இருப்பியா? அன்னிக்கே கோவில் வாசல்ல நின்னு கத்தியிருப்ப."

கத்தியிருப்பேன். அதில் சந்தேகமே இல்லை. அவள் சொன்னதில் பொய் இல்லை என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. என் கோபத்தைக் காரணம் காட்டி என்னிடமே மறைத்து, வேலையையும் வீட்டையும் காப்பாற்றிக்கொண்டு, ஞாயிறுதோறும் என்னைப் பின் சீட்டில் தங்கள் பிள்ளைகளோடு உட்கார வைத்து அழைத்துப் போயிருக்கிறார்கள்.

"கோவமா இருக்கியா ஐவி?"

"இப்பத்தான்க்கா ஆரம்பிச்சிருக்குது," என்று சொல்லி போனை வைத்தேன்.

உடனே யாரிடமாவது போய்ச் சொல்ல வேண்டும் என்று இருந்தது. ஆயர் வீட்டம்மாவிடம் சொல்லலாம் என்றால், அவர் போய்ச் சேர்ந்து வெகுநாளாகிவிட்டது. அன்று முன் பெஞ்சில் இருந்த கிழவிகள் எல்லோரும் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார்கள். குன்னூர்க்காரர்கள் எந்த ஊரில் இருக்கிறார்களோ. அன்றைக்கு என்னைப் பார்த்தவர்களில் எனக்குத் தெரிந்து மிச்சமிருப்பவள் அக்கா ஒருத்திதான். அவளுக்கு அன்றைக்கே தெரியும்.

வேலுமணி துணியைப் பிழிந்துகொண்டு நின்றார். போனில் பேசியது பாதி காதில் விழுந்திருக்கும். மீதியை நானே சொன்னேன். வெள்ளைச் சேலை, சால்வை, பாய்லர் அடுப்பு, எல்லாம். ஆம்பளையிடம் பேசும் பேச்சா என்று யோசிக்கவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டே கேட்டார். தரையைப் பார்த்தபடி, "அப்ப அது பாலிஷுங்களா," என்றார்.

"திரும்பச் சொல்லுங்க."

"டீச்சர்?"

"சத்தமாச் சொல்லுங்க. கேக்கணும் எனக்கு."

அவர் தலையை நிமிர்த்தி என் முகத்தை நேராகப் பார்த்தார்.

"பாலிஷ்தானுங்க டீச்சர்," என்றார். கொஞ்சம் பொறுத்து, "வேற ஒண்ணுமில்லீங்க" என்றும் சொன்னார்.

அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்து, ரோட்டில் போகிறவர்கள் பார்த்தால் பார்க்கட்டும் என்று அழுதேன்.