ஈரல் கொடுப்பவரின் விருந்துகள்

ஐம்பத்தாறு நாளில் என் அண்ணன், அர்ஷாத் காக்கா, முப்பத்தொரு வீட்டில் விருந்து சாப்பிட்டார். உடம்பைக் குறைத்து வரச் சொல்லிக் கொழும்பு டொக்டர் கொடுத்த தவணையும் அதே ஐம்பத்தாறு நாள்தான்.

ஒரு சொட்டு மதுவும் தொடாத வாப்பாவின் ஈரலைக் கொழுப்பே சுருக்கிவிட்டது. வயிற்றில் நீர் கட்டுகிறது. யாராவது தன் ஈரலில் ஒரு துண்டைக் கொடுக்காவிட்டால் அவர் அடுத்த நோன்பைக் காணமாட்டார். காக்காவின் இரத்த வகை பொருந்தியது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் முற்றத்தில் நின்று, "என்ட வாப்பாக்கு நான்தான் குடுக்கப் போறன்" என்று அறிவித்தார். அழுதும் காட்டினார்.

ஹஜ்ஜுக்குப் போகிறவரை வீடு வீடாகக் கூப்பிட்டு விருந்து வைக்கும் ஊர் கல்முனை. ஈரல் கொடுக்கப் போகிறவரை விடுமா? நெய்ச்சோறு, மாட்டிறைச்சி, பொரித்த கோழி, வட்டிலப்பம். "வெட்டிக் குடுக்கப் போற புள்ள. நல்லாத் தின்னு மனே, ஈரல் ஊறட்டும்" என்றார்கள். ஊறியது.

முதல் ஸ்கேன் எடுத்த நாள், சிங்களம் பேச ஆள் வேண்டும் என்று என்னையும் கூட்டிப் போயிருந்தார். ஈரலில் கொழுப்பு, ஏழு கிலோ குறைக்க வேண்டும் என்றார் டொக்டர். காக்கா இரத்த அறிக்கையை எடுத்து நீட்டினார். ஈரல் நொதி எல்லாம் நோர்மல்.

"இது நோர்மலாக இருப்பவர்களுக்கும் கொழுப்பு இருக்கும். தாங்கள் சுகமாக இருப்பதாக நினைப்பவர்களிடம் அடிக்கடி காண்கிறோம்" என்றார் டொக்டர். காக்கா போன் பேச வெளியே போனதும் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். நான் ஒரே சொல்லில் பதில் சொன்னேன்.

பஸ்ஸில் காக்கா, "வீட்ட ஒண்டும் கதைக்காத. அந்தாள்ற மெசின் பழசு" என்றார்.

நான் விஞ்ஞானப் பட்டதாரி. ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் வேலை. வீட்டில் அதற்குப் பெயர் 'ஊசி குத்துற வேலை'. இருபதாவது விருந்துக்கு மறுநாள் காக்கா அங்கே வந்து கையை நீட்டினார். "பன்ரெண்டு மணித்தியாலம் பட்டினி, றிஸ்னா. ஓம், சத்தியமா." இரத்தம் எடுத்த குழாயை மெசினில் சுழற்றி எடுத்தேன். மேலே தெளிந்து நிற்க வேண்டிய நீர் தேங்காய்ப்பால் போல நின்றது. இரத்தக் கொழுப்பு எல்லையை மூன்று மடங்கு தாண்டியிருந்தது. ஈரல் நொதி மட்டும் எல்லைக்குள். அந்த ஒரு வரியைப் போட்டோ எடுத்து முகநூலில் போட்டார். மாஷா அல்லாஹ் குவிந்தது.

அந்த மாதம் பயிற்சி என்று சொல்லிவிட்டு, கூட வேலை செய்யும் சுஜித்தாவோடு இரண்டு முறை கொழும்பு போய் வந்தேன். என்ன பயிற்சி என்று யாரும் கேட்கவில்லை.

தவணை முடிந்தது. காக்கா நாலு கிலோ கூடியிருந்தார். இனி இவர் வர வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். மறுநாள் எங்கள் வீட்டிலேயே விருந்து.

ஹோலில் சஹன் என்ற பெரிய சோற்றுத் தட்டைச் சுற்றி ஆறு ஆண்கள். நடுவில் காக்கா. கதவுத் திரைச்சேலைக்கு இப்பால் பெண்கள் நாங்கள்.

"திகதி எப்ப மனே?" பள்ளிவாசல் தலைவர் நஸீம் ஹாஜியார் கேட்டார்.

"டொக்டர்தான் இழுக்காரு ஹாஜியார். நான் இப்ப வெட்டு என்டாலும் ரெடி. அந்த எலும்ப இஞ்சால தள்ளுங்க."

"இதுக்குத்தான் ஆம்புளப் புள்ள வேணுமென்ட" என்றார் ஹாஜியார்.

உம்மா என்னைப் பார்த்தார். "இவளும் இருக்காள். படிச்சும் என்ன, வாப்பாக்கு ஒரு ஆறுதல் சொல்லத் தெரியா."

பக்கத்து அறையிலிருந்து வாப்பாவின் குரல் மெலிந்து வந்தது. "அர்ஷாத் சாப்பிட்டானா?"

எலும்பை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

நான் திரைச்சேலையை விலக்கினேன். அந்நிய ஆண்கள் இருக்கும் இடத்தில் நான் வாய் திறந்ததே இல்லை.

"காக்காட ஈரல் முழுக்கக் கொழுப்பு. நேத்தே வேணாமென்டுட்டாங்க."

"போடி உள்ள! ஊசி குத்துறவளுக்கு என்ன தெரியும்?" என்று காக்கா கத்தினார்.

ஹாஜியாரின் கை சோற்றில் நின்றுவிட்டது. "அப்ப ஆரு குடுக்கிற, மகள்?"

"நான்தான். எனக்கும் வாப்பாட குறூப். டெஸ்ட் எல்லாம் முடிஞ்சிட்டு. வாற திங்கக்கிழம வெட்டுறாங்க."