தெக்லாவின் பெயர்நாள்

பல்கலைக்கழகம் கழுத்தைப் பிடித்துத் தள்ளிய பிறகு கெர்வாசிக்கு வகுப்பறை என்று மிஞ்சியது நர்ஸ் லுட்மிலாவின் சமையலறைதான். தர்க்கத்தின் வரலாற்றை எழுதுகிற மனிதர் தொழிற்சங்கத்துக்குத் துண்டறிக்கையும் எழுதினால் அரசாங்கம் மாலையா போடும்? ராணுவச் சட்டம் வந்த கையோடு வேலை போயிற்று. ஆனால் போலந்தின் க்ராகோவ் நகரம் அவரைக் கைவிடவில்லை. வியாழன்தோறும் மாணவர்கள் இரண்டிரண்டு பேராகப் படியேறி வந்தார்கள். ஒருவர் நாற்காலி கொண்டுவருவார், ஒருவர் தம் ரேஷன் சர்க்கரையைக் கொண்டுவருவார். அந்தச் சமையலறைக்குள் நுழையும்போதெல்லாம் அவருக்கு நெஞ்சு நிறைந்துவிடும்.

போலீஸ் வந்தால் சொல்வதற்கு ஒரு சாக்கு இருந்தது: பெயர்நாள் விருந்து. நாள்காட்டியில் அன்றைக்கு எந்தப் புனிதரின் பெயரோ, அந்தப் பெயர்க்காரர் வீட்டில் கொண்டாட்டம். யாரையும் அழைக்க வேண்டியதில்லை. தெரிந்தவர்கள் தாமாகவே வருவார்கள். மாட்டிக்கொண்டால் லுட்மிலாவுக்கு வேலையும் போகும், ஆஸ்பத்திரி கொடுத்த அந்த வீடும் போகும்.

பயம் கீழ்வீட்டு தெக்லாவை நினைத்துத்தான். யார் படியேறினாலும் அவள் கதவு அரையடி திறக்கும். அவள் உளவாளி என்று கட்டடமே பேசியது. கெர்வாசியும் நம்பினார். அரையடிக் கதவை வைத்துக்கொண்டு முழு முடிவுக்கு வந்த தர்க்க அறிஞர்!

அன்றைக்கு இடைக்காலத்து வாதப் போட்டி பற்றிப் பாடம்.

"ஒரு பொய்ய எடுத்துக்கணும். எதிராளி எப்படிக் குடைஞ்சாலும், முன்னுக்குப் பின் முரணா பேசாம அதக் காப்பாத்தணும்" என்று சொல்லிக்கொண்டிருந்தபோது கதவு இடிபட்டது. சார்ஜெண்ட் ஒருவன் உள்ளே வந்தான்.

"என்ன கூட்டம் இங்க?"

"பெயர்நாள் சார்" என்றான் செவெரின் என்ற மாணவன்.

"யாரோடது?"

"லுட்மிலா அக்காவோடது" என்றான் செவெரின்.

அதே நொடியில் "புரொஃபசரோடது" என்றாள் மாணவி யாக்னா.

இந்த வாரம் யார் பெயரைச் சொல்வது என்று பேசி வைக்க மறந்திருந்தார் கெர்வாசி. முரண்பாட்டைப் பற்றியே வாழ்நாளெல்லாம் எழுதியவர். லுட்மிலாவின் முகம் வெளுத்துப்போனது.

சார்ஜெண்ட் சுவரிலிருந்த நாள்காட்டியைப் பார்த்துச் சிரித்தான். "லுட்மிலா போன வாரமே முடிஞ்சாச்சு. உம்ம பேரு என்னய்யா? கெர்வாசியா? அது ஜூன்ல. இன்னிக்கு தெக்லான்னு போட்டிருக்கு. எங்க உங்க தெக்லா?"

"இங்கதான் இருக்கேன்" என்றது வாசலில் ஒரு குரல். வீட்டுச் செருப்போடு, காதில் தோடு போட்டுக்கொண்டு நின்றாள் கீழ்வீட்டுக்காரி. "என் பெயர்நாள்தான். நாற்காலி பத்தாதுன்னு இவங்க இங்க உக்காந்திருக்காங்க. கேக்கு கீழ இருக்கு. சந்தேகம்னா வந்து பாருங்க தம்பி."

சார்ஜெண்ட் போனான். கூடவே கெர்வாசியையும் இழுத்துக்கொண்டு போனான். தெக்லாவின் கூடத்தில் வெள்ளை விரிப்பு, ஆப்பிள் கேக், மேசை நிறையத் தட்டுகள், தேநீர்க் கோப்பைகள். சார்ஜெண்ட் சுற்றிலும் பார்த்தான், ஒரு துண்டு கேக்கை வாயில் போட்டான், "சத்தத்தக் குறைச்சு வைங்க" என்று ஒப்புக்குச் சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டான்.

கெர்வாசி நகரவில்லை. அந்த மேசை போலீசுக்காக ஐந்து நிமிடத்தில் போட்டதல்ல. தேநீர் ஆறி ஏடு கட்டியிருந்தது. எந்தத் தட்டிலும் ஒருவரும் சாப்பிட்ட சுவடே இல்லை.

"எத்தன மணிலேர்ந்து காத்துக்கிட்டிருந்தீங்க தெக்லா அம்மா?"

"நாலு மணிலேர்ந்து. படியில காலடி கேட்டா என் வீட்டுக்கோன்னு கதவத் திறப்பேன். எல்லாம் மேல போயிடும்."

கெர்வாசி அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "லுட்மிலாவக் காப்பாத்திட்டீங்க. எங்க எல்லாரையும் காப்பாத்திட்டீங்க. நாங்க உங்கள என்னன்னு நெனச்சோம் தெரியுமா?"

"தெரியும்" என்றாள் தெக்லா. "முதல்ல பிள்ளைங்களக் கீழ கூப்பிடுங்க, புரொஃபசர். பாடத்த இங்க நடத்துங்க."